கதவுக்கு வெளியே கேட்ட அரை வாக்கியம்

ஜனவரி, இரண்டாம் வாரம், திங்கள். காலைச் சிற்றுண்டிக்குப் பின் என் மனைவியின் வலக்கையிலிருந்து தம்ளர் நழுவியது. பேச்சு குழறியது. முற்பகலில் தெற்குக் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டாள். மூளையின் உட்பகுதியில் பெரிய ரத்தக்கசிவு இருப்பது ஸ்கேனில் தெரிந்தது.

செவ்வாய். நினைவு திரும்பவில்லை. பிற்பகலில் மூன்று மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம் என்ற முடிவை எனக்குத் தெரிவித்தார்கள். உரிய தாளில் கையெழுத்திட்டேன்.

வெள்ளி. காலையில் இறந்தாள்.

சனி. மகன் டொரன்டோவிலிருந்து வந்து சேர்ந்தான். பிற்பகலில் மின்மயானத்தில் தகனம் நடந்தது.

நடந்தவை இவை. இவற்றைப் பற்றி யாருக்கும் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. ஆனால் செவ்வாய்ப் பிற்பகலைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் இருந்தது. அதை எட்டு மாதங்கள் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அது எப்படித் தீர்ந்தது என்பதை எழுதிவைக்க நினைக்கிறேன். தீர்ந்தது என்று இப்போது எழுத முடிவதே பெரிய ஆறுதல்.

மருத்துவர்கள் கூடிய அறை தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டி இருந்தது. எதிரே சுவரோரமாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன். அறைக் கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. ஆனால் கடைசி விரற்கடை அளவு மூடாமல் நின்றுவிடும். உள்ளே தாழ்ந்த குரல்களில் பேச்சு நடந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிறகு திடீரென்று ஒரு பெண்குரல் உயர்ந்தது. மூவரில் இளையவரான மயக்கவியல் மருத்துவரின் குரல் அது. வங்காளத்தில் அவர் சொன்ன வாக்கியத்தின் பின்பாதி மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது: "...ஆமி ஏக்மொத் நொய்." எனக்கு இதில் உடன்பாடில்லை.

தவறாகக் கேட்டிருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வழி இல்லை. 'நொய்' எங்கள் வீட்டில் பழகிய சொல். மணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் என் மனைவிக்கு வங்காளம் தெரியாது. கீழ் வீட்டில் ஓர் ஒடியா அம்மாள் குடியிருந்தார். அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, "ஆமி பாங்காலி நொய்" என்றிருக்கிறார். நான் வங்காளி அல்ல என்பது அதன் பொருள். மாலை நான் கல்லூரியிலிருந்து திரும்பியதும் என் மனைவி, "கீழாத்து மாமி ரொம்ப நல்லவா. பெங்காலி நொய் தரேன்னு சொல்றா. கஞ்சி வெச்சா நன்னா இருக்குமோ?" என்று கேட்டாள். அரிசி நொய்க்காக இரண்டு நாள் காத்திருந்து, பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தானே கேட்கவும் போய்விட்டாள். அன்று முதல் எங்கள் இருவருக்குள் மறுப்புக்கான சொல்லே அதுதான். சினிமாவுக்குப் போகலாமா என்று நான் கேட்டால், "நொய்" என்பாள். ஆகவே அந்த ஒலியை என் காது தவறவிடாது.

குரல் உயர்ந்த பிறகு உள்ளே மீண்டும் பேச்சு தாழ்ந்தது. சற்று நேரத்தில் மூத்த மருத்துவர் வெளியே வந்து என் அருகில் உட்கார்ந்தார். அறுவை சிகிச்சையால் பயன் இல்லை, வேதனைதான் கூடும், அது வேண்டாம் என்பது எங்கள் எல்லோருடைய ஒருமித்த கருத்து என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நான் தலையசைத்தேன். மற்ற இருவரும் அவர் பின்னால் நின்றிருந்தார்கள். இளைய மருத்துவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை தொலைபேசியில் மகன், "எல்லா டாக்டரும் ஒரே மாதிரிதான் சொன்னாளா?" என்று கேட்டான். "ஆமாம்," என்றேன்.

நான் வேதியியல் பேராசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பல குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். 'ஏகமனதாக' என்ற சொல் கூட்ட அறிக்கைக்குள் எப்படி வந்து சேரும் என்பது எனக்குத் தெரியும். மூத்தவர் ஒரு முறை பார்ப்பார். இளையவர் பேச்சை நிறுத்திக்கொள்வார். தட்டச்சு செய்பவர் அந்த ஒரு சொல்லை அடிப்பார். அதுபோல, என் மனைவியைக் காப்பாற்ற இன்னொரு வழி இருந்தது என்று நினைத்த ஒருவர் அந்த அறைக்குள் இருந்தார், அவரை அடக்கிவிட்டார்கள், அப்படி எடுத்த முடிவின் கீழ் நான் கையெழுத்திட்டேன் என்று நினைத்தேன். பிறகு இந்த வகை ரத்தக்கசிவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். நான் தேடியது மறுப்பை. ஆகவே எனக்கு மறுப்புகள் கிடைத்தன.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, மேல் தளத்தில் இருக்கும் பெண் கதவைத் தட்டினாள். லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்தில் உள்ள இரண்டு தமிழ்க் குடும்பங்களில் மற்றது அவளுடையது. தகப்பனார் வங்கி அதிகாரி. அவள் இங்கேயே பிறந்தவள், சமூகவியலில் முதுகலை இறுதியாண்டு. தமிழைவிட வங்காளத்தில் நன்றாகச் சண்டை போடுவாள். கையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது.

"மாமா, சொர்போநாஷ் ஆயிடுத்து."

சர்வநாசம் என்பதைத்தான் வங்காளிகள் அப்படிச் சொல்கிறார்கள். பேருந்தைத் தவறவிட்டாலும் அதுதான், வீடு தீப்பிடித்தாலும் அதுதான். உட்காரச் சொன்னேன்.

"எல்லாரும் இந்து இந்துன்னு எழுதிக் குடுத்திருக்கா."

"நீ என்ன கேட்டே?"

"சயின்ஸைப் பத்திக் கேட்டேன்! விஞ்ஞானிகள் ஒத்துப்போனா ஜனங்க நம்பறாளா, அவாளுக்குள்ள சண்டை போட்டுண்டா என்ன நினைக்கறா. அதான் என் ப்ராஜெக்டே. பெங்காலி வீடுகள்ல பக்கம் பக்கமா எழுதிக் குடுத்தா. அதே கேள்வியைத் தமிழ்ல நானே மாத்தி நம்மவா ஆத்துக்கெல்லாம் குடுத்தேன்."

வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் கேள்வி: 'விஞ்ஞானிகள் அனைவரும் ஒரே மதமாக இருந்தால் அவர்கள் சொல்வதை நம்புவீர்களா?' அடுத்தது: 'அவர்களுக்குள் பல மதங்கள் இருந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்?' மூன்றாவது: 'தடுப்பூசியைப் பற்றி உங்கள் சொந்த மதம் என்ன?'

பதில்களில் பெயர்கள் இல்லை. அவள் அதில் கண்டிப்பானவள். ஆனால் இந்த ஊரில் தமிழர்கள் எத்தனை பேர்; தாளைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ள முடிந்தது. காளிகாட்டில் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்பவராக இருக்க வேண்டும், 'எந்த மதமானால் என்ன, நோய் குணமானால் சரி' என்று எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி ஒருவர், 'இக்கேள்வி அரசியல் சாசனத்துக்கு முரணானது' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டிருந்தார். ஒரு பெண்மணியின் பதில் மிகச் சுருக்கம்: 'இந்து. ஸ்மார்த்தம். ஊசி போட்டாச்சு.'

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த ஒலி எனக்கே அந்நியமாக இருந்தது.

"சிரிக்காதீங்கோ மாமா. அடுத்த வாரம் டிபார்ட்மென்ட்ல பேசணும். தமிழ் பதில் மொத்தமும் குப்பை."

"மதம்னு ஏன் போட்டே?"

"பெங்காலில ஜொல்னா ஜலம். மொன்னா மனம். பொன்னா வனம். அப்போ மொத்னா மதம்தானே? ஏக்மொத்னா ஒரே மதம். கரெக்ட்டாத்தானே பண்ணிருக்கேன்?"

விதி சரியாகத்தான் இருந்தது. வங்காளத்தில் 'மொத்' என்றால் கருத்து. தமிழிலும் பழைய உரையாசிரியர்கள் காலத்தில் மதம் என்றால் கொள்கைதான். சம்மதம் என்கிற சொல்லுக்குள் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன்.

"அப்போ தப்பு என்னோடது இல்லை. அந்தக் காலத்து ஆளா பாத்துக் குடுத்திருக்கணும். நீங்க இருக்கேளே, உங்ககிட்ட முதல்ல வந்திருக்கலாம்," என்றாள்.

மதம் என்ற இடங்களிலெல்லாம் கருத்து என்று திருத்தினோம். பெரிய வேலை இல்லை. திருத்தி முடித்ததும் அவள் பேனாவை மூடாமல், "சரி, நீங்களே சொல்லுங்கோ. நிபுணர்கள் தங்களுக்குள்ள ஒத்துக்கலேன்னு தெரிஞ்சா நீங்க என்ன நினைப்பேள்?" என்று கேட்டாள்.

விடை சொல்லாமல் நான் அவளை ஒரு கேள்வி கேட்டேன். பொதுவாகக் கேட்பதாகவே எனக்கு நினைப்பு.

"ஒரு ரூமுக்குள்ள மூணு நிபுணர்கள். வெளில ஒருத்தர் உக்காந்திருக்கார். உள்ளேயிருந்து ஒருத்தர் 'ஏக்மொத் நொய்'னு சத்தமா சொல்றது அவர் காதுல விழறது. அப்பறம் வெளில வந்து, எங்களுக்கெல்லாம் ஒரே கருத்துன்னு சொல்றா. இதை உன் ப்ராஜெக்ட்ல எங்கே வைப்பே?"

"எதுக்கு நொய்?"

"என்ன?"

"எதுல ஒத்துக்கலே? அதுக்கு முன்னாடி என்ன சொன்னா?"

"கேக்கலை."

"ஐயோ மாமா! பாதி சென்டென்ஸை வெச்சுண்டு முழு முடிவா? நான் இப்படி ஒரு டேட்டா கொண்டுபோனா என் கைடு என்னை ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டுடுவார்." அவள் தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே பேசினாள். "நான் பேட்டி எடுத்ததுலயே இதான் திரும்பத் திரும்ப வரது. வெளில இருக்கறவாளுக்குச் சண்டை போடறான்னு மட்டும்தான் கேக்கறது. உள்ள இருக்கறவாளைக் கேட்டா, முக்கியமான விஷயத்துல எங்களுக்குச் சண்டையே இல்லை, அதைச் சுத்தி இருக்கற பத்து விஷயத்துலதான் சண்டைங்கறா. சில சமயம் நிஜமாவே முக்கிய விஷயத்துலயும் சண்டை இருக்கும். எதுன்னு கேட்டாத்தானே தெரியும்?"

பிறகு அவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். முகம் மாறியது. குரலும் தாழ்ந்தது.

"கேட்டுடுங்கோ மாமா," என்றாள். "கேக்காம இருக்காதீங்கோ."

கேட்டால் கிடைக்கக்கூடிய விடைகள் இரண்டு. ஒன்று, நான் எட்டு மாதமாக நினைத்ததே உண்மை என்பது. அதைக் கேட்ட பிறகு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற விடையை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் முன்வாக்கியம் தெரியாமல் முடிவுக்கு வந்திருக்கிறேன் என்று ஓர் இளம் மாணவி சுட்டிக்காட்டிய பிறகு, அறிவியலில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்க நியாயம் இல்லை. அந்த வாரமே மருத்துவமனைக்குச் சென்றேன்.

இளைய மருத்துவரைப் பார்க்க வெகுநேரம் காத்திருந்தேன். அறுவை அரங்கத்திலிருந்து பச்சை உடையோடு வந்தார். தலையில் துணித்தொப்பி. என்னைச் சற்று உற்றுப் பார்த்தார்.

"மேஷோமொஷாய்! ஜன்னலோரப் படுக்கை மாஷிமா..."

நாம் சித்தப்பா, சித்தி என்று அழைப்பதைப் போல வங்காளத்தில் இப்படி அழைப்பார்கள். எங்கள் பேச்சு முழுவதும் வங்காளத்திலேயே நடந்தது. கூடியவரை அவர் சொற்களையே இங்கே தமிழில் தருகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அறைக்கு வெளியே எனக்குக் கேட்டது இன்னது என்று சொன்னேன். எதில் உங்களுக்கு உடன்பாடில்லை என்று கேட்டேன். நான் கேட்ட விதம் தேர்வு நடத்துபவரின் விதமாக இருந்திருக்க வேண்டும். அவர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அது உங்களுக்குக் கேட்டதா? ஐயோ, என் குரல்! அறுவை அரங்கில் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள், மயக்கத்தில் இருப்பவர்களையும் எழுப்பிவிடுவாய் என்று." சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அறுவை சிகிச்சையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை, மேஷோமொஷாய். ஸ்கேனைப் பார்த்த கணமே மூவருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட அதைப் பற்றி வாதம் நடக்கவில்லை."

"அப்படியானால் வாதம் எதைப் பற்றி?"

அவர் சற்று தயங்கினார்.

"உங்களைப் பற்றி."

தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொடர்ந்தார்.

"ஸார், அதான் எங்கள் மூத்த மருத்துவர், என்ன நினைத்தார் என்றால், நீங்கள் படித்தவர், விஞ்ஞானி. அறுவை செய்வது, செய்யாமல் விடுவது என்று இரண்டு வழிகளையும் உங்கள் முன் வைத்து, எது வேண்டும் என்று உங்களையே சொல்லச் சொல்வோம், அதுதான் மரியாதை என்றார். அது தவறான எண்ணம் என்று சொல்ல மாட்டேன், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே இரண்டாவது வழி என்று ஒன்று இல்லையே. இல்லாத கதவைக் காட்டி, எதில் போகிறீர்கள் என்று கேட்டால், அந்த மனிதர் ஆயுள் முழுக்க இன்னொன்றில் போயிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதனால்தான் சொன்னேன், முடிவை அவர் தலையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்று. நாமே சொல்வோம், பாரம் நம்முடையதாக இருக்கட்டும் என்றேன். ஸார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சரி என்றார்."

"கூட்டக் குறிப்பில் இது இருக்கிறதா?"

"இதையெல்லாம் யார் எழுதுவார்கள்?" என்றார்.

அந்த விடையை நான் நம்பினேன். எழுதியிருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"ஸாருக்கு என் மேல் கோபமோ என்று அன்று பயந்துகொண்டேதான் உங்கள் எதிரில் நின்றேன்," என்றார். "தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

அதையும் நான் வேறு விதமாகப் படித்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. எழுந்து கைகூப்பினேன். அவர் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டு அரங்கத்துக்குத் திரும்பினார். அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார்.

வெளியே வந்தபோது வெயில் கடுமையாக இருந்தது. நடைபாதையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கிடையே குனிந்து நடந்தேன். என் மனைவி இறந்துவிட்டாள் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அவளை நான் இழந்த விதத்தில் ஒரு பொய் கலந்திருப்பதாக நினைத்திருந்தேன். அந்தப் பொய் இல்லை. துயரம் மட்டும்தான் மிச்சம் என்று அறிந்தபோது அது எனக்கு ஏறக்குறைய இலேசாகவே இருந்தது. எனக்கு எதிராக என்று நான் எண்ணியிருந்த அந்த மறுப்பு, எனக்காகச் சொல்லப்பட்டது. என்னிடமிருந்து எடுத்துவிட அவர் விரும்பிய பாரத்தைத்தான் அரை வாக்கியத்தைக் கேட்டு நானாக எடுத்துச் சுமந்திருக்கிறேன்.

பசித்தது. லேக் மார்க்கெட் அருகே நாங்கள் வழக்கமாகப் போகும் தமிழர் சிற்றுண்டிக் கடையில் நுழைந்து இட்லி சொன்னேன். இந்த ஊர்க்காரர்களின் நாக்குக்காக அங்கே சாம்பாரில் வெல்லம் போடுவார்கள். நான் அதற்குப் பல ஆண்டுகளாக எதிர்க்கட்சி. என் மனைவி கடைக்காரர் கட்சி. ஒரு வாய் சாப்பிட்டதும், "இன்னும் வெல்லத்தை விடலியா நீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கடைக்காரர் கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தினார். "வாங்க சார்! மாசக்கணக்கா ஆளைக் காணோம், வந்ததும் வராததுமா சண்டையா?"

"இது சாம்பாரா, பாயசமா?"

"அம்மா இருந்தா இப்படிப் பேச விடுவாங்களா உங்களை? ரெண்டு தடவை கேட்டு வாங்கி ஊத்திப்பாங்க." அவர் சொல்லிவிட்டுச் சற்று திகைத்தார். தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

"ஆமாம். அவளுக்குப் பிடிக்கும். ஆனா எனக்குப் பிடிக்கலை," என்றேன்.

"அது உங்க கருத்து சார்," என்று சொல்லி, கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்றினார். நான் அதையும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து, மின்விசிறியின் கீழ் படுத்து, மாலை வரை தூங்கினேன்.

இன்னும் செய்யாதவை:

மேல் வீட்டுப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்வது. மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போது அவள் எதுவும் கேட்பதில்லை. கேட்காமலிருக்க அவள் படும் பாடு தெரிகிறது.

அச்செடுத்து அடுக்கிய ஆய்வுக் கட்டுரைகளைப் பழைய காகிதம் வாங்குபவரிடம் போடுவது.

மூத்த மருத்துவரை ஒரு முறை பார்ப்பது. அவரைப் பற்றி நான் நினைத்தவை அவருக்குத் தெரியாது. ஆகவே மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. நன்றி சொன்னால் போதும்.

மகனைத் தொலைபேசியில் அழைப்பது. அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நான் 'ஆமாம்' என்ற விதத்தில் அவனுக்கு என்ன கேட்டதோ தெரியாது. அதன் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவனிடம் கேட்க வேண்டும்.